மொட்டை மாடியையும் ஒயர் பாதையையும் மூடாதீர்கள்: அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே,

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று தமிழ்நாட்டு நகரங்கள் எங்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. அங்கே ஒரு குடும்பத்தின் அன்றாடத்தில் பாதியைச் சங்கமே தீர்மானிக்கிறது. தண்ணீர் லாரி, லிஃப்ட், ஜெனரேட்டர், குப்பை, வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றில் எல்லோருக்கும் ஒரே முடிவு என்பது நியாயம். வேறு வழியும் கிடையாது. அந்த வரிசையில் சில சங்கங்கள் தொலைக்காட்சி இணைப்பையும் சேர்த்துவிடுகின்றன. ஒரு கேபிள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் இனி யாரும் டிஷ் வைக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். அல்லது ஒரு டி.டி.எச். நிறுவனத்தின் கூட்டு டிஷ்ஷை மாடியில் நிறுத்திவிட்டு, கேபிள்காரர் வளாகத்துக்குள் ஒயர் இழுக்கத் தடை விதிக்கிறார்கள். புதிய கட்டடங்களில் பில்டரே இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார். கேபிளா டிஷ்ஷா என்ற தேர்வு உங்கள் கூட்டத்தில் முடிவுசெய்யத் தக்கதே இல்லை என்பதைக் காரணங்களோடு சொல்லவே இந்த மடல். இரண்டு வழிகளையும் ஒவ்வொரு வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவது சங்கத்தின் வேலை. எதை உள்ளே அழைப்பது என்பது அந்த வீட்டாரின் வேலை.

சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சு பெரும்பாலும் விலையில்தான் தொடங்கும். எது மலிவு என்று கேட்டு, மலிவானதை எல்லோருக்கும் எடுத்துவிடலாம் என்று முடிப்பார்கள். ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குப் பொருள் இருந்தது. கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை நாட்டிலேயே முதலில் நிலைபெற்றது சென்னையில்தான், 2003 செப்டம்பர் 1 அன்று. மற்ற ஊர்களிலோ பெட்டியே இல்லாமல், வருகிற சேனல்களைப் பார்த்துக்கொண்டு, கேபிள்காரர் சொன்ன மாதத் தொகையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு விலை மாறியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் கொண்டுவந்து, வழக்குகளைக் கடந்து 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண ஆணை இந்த நிலையை அடியோடு மாற்றியது. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அதை நடத்தும் நிறுவனமே அதிகபட்சச் சில்லறை விலையை அறிவிக்க வேண்டும். அந்த விலை கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு சேனலின் அதிகபட்ச விலை கேபிளில் 19 ரூபாய் என்றால் டிஷ்ஷிலும் 19 ரூபாய்தான். இதற்கு மேல் இணைப்பு வழங்குபவர் வாங்குவது நெட்வொர்க் கட்டணம். தொடக்கத்தில் அதற்கும் மாதம் 130 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அந்தத் தொகைக்கு முதலில் 100 சேனல்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு 200 சேனல்கள். ஆக, கேபிள் மலிவு, டிஷ் விலை கூடுதல் என்ற பழைய நம்பிக்கைக்கு 2019க்குப் பிறகு அடித்தளம் பெரிதாக இல்லை.

அப்படியானால் விலையில் வேறுபாடே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2024 ஜூலையில் டிராய் அந்த 130 ரூபாய் உச்சவரம்பை நீக்கிவிட்டது. நெட்வொர்க் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம், பகுதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. இணைப்பு வழங்குபவர்கள் தாங்களே கட்டும் சேனல் தொகுப்புகளில் தரக்கூடிய தள்ளுபடியின் வரம்பும் 15 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாக உயர்ந்தது. இவற்றோடு பெட்டியின் விலை, பொருத்துகூலி, பழுதுபார்க்க ஆள் வந்தால் கொடுக்க வேண்டிய தொகை ஆகியவையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே ஒரு குடும்பம் விலையை ஒப்பிட விரும்பினால், தான் உண்மையிலேயே பார்க்கிற சேனல்களின் பட்டியலை முதலில் எழுதிக்கொண்டு, அதே பட்டியலுக்கு இரு பக்கமும் பன்னிரண்டு மாதத்துக்கு வரியோடும் பெட்டியோடும் எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வரும் மாதத் தொகையை மட்டும் பார்த்தால் கணக்கு பிசகும். அந்தப் பட்டியல் வீட்டுக்கு வீடு வேறுபடும் என்பதால் விடையும் வேறுபடும். அறுபது வீடுகள் உள்ள ஒரு வளாகத்துக்குப் பொதுவான மலிவு என்று ஒன்று இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: 2019, 2020, 2022, 2024 என்று ஆறே ஆண்டுகளில் இந்த விதிகளில் நான்கு பெரிய மாற்றங்கள் வந்துவிட்டன. இன்றைய மலிவு அடுத்த ஆண்டும் மலிவாகவே இருக்கும் என்று எவரும் உறுதி தர முடியாத துறை இது. இதில் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று வளாகம் முழுவதையும் கட்டிப்போடுகிற ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, பிறருடைய பணத்தை வைத்து எடுக்கும் துணிச்சல்.

விலையைவிடப் பெரிய வேறுபாடு, படம் வந்து சேரும் பாதையில் இருக்கிறது. கேபிளில் படம் நகரத்தின் கன்ட்ரோல் ரூமில் தொடங்கி, ஃபைபர் வழியாகப் பகுதிக்கு வந்து, மின்கம்பத்திலோ மாடிப்படி ஓரத்திலோ தொங்கும் ஆம்ப்ளிபயர்களையும் ஸ்ப்ளிட்டர்களையும் கடந்து வீட்டுக்குள் நுழைகிறது. இந்தப் பாதையில் எங்கே மின்சாரம் போனாலும், எந்த மரக்கிளை முறிந்து விழுந்தாலும் அதற்கு அப்பால் உள்ள எல்லா வீடுகளிலும் படம் நின்றுவிடும். டிஷ்ஷுக்கு இந்தத் தெருவழிச் சங்கிலி கிடையாது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள், மாடியில் ஒரு டிஷ், அங்கிருந்து வீட்டுக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். ஆனால் அது பயன்படுத்தும் கே.யு. பட்டை அலைகளை அடர்மழை விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்துக் கொட்டும்போது சிக்னல் இல்லை என்ற வாசகம் திரையில் வருவதற்குக் காரணம் அதுதான். மழை தணிந்ததும் பெரும்பாலும் யாரும் தொடாமலே படம் திரும்பிவிடும். கேபிள் ஒயர் அறுந்தால் அப்படித் தானாகத் திரும்பாது. ஏணியோடு ஒருவர் வர வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. மின்கம்பிகளோடு கேபிள் ஒயர்களும் தரைக்கு வந்தன. மின்சாரம் திரும்பிய பிறகும் கேபிள் திரும்ப மேலும் காத்திருக்க வேண்டியிருந்த தெருக்கள் உண்டு.

அதனால் டிஷ்தான் உறுதியானது என்று முடிவுகட்டிவிடவும் வரலாறு இடம் தரவில்லை. 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. சன் டைரக்டும் தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச். சேவையும் அந்தச் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தன. விண்வெளியில் ஒரே ஒரு இடத்தில் நேர்ந்த பழுது, கன்னியாகுமரி தொடங்கி நாடு முழுவதும் உள்ள வீடுகளை ஒரே நாளில் பாதித்தது. கேபிளிலும் இதற்கு இணையான சம்பவம் உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ்கள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் செயலிழந்தன. எந்த மரமும் விழவில்லை, எந்த ஒயரும் அறுபடவில்லை. பெட்டிகளை இயக்கும் மென்பொருள் தொடர்பான தகராறு ஒன்றே போதுமானதாக இருந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கேபிள் கெடும் விதமும் டிஷ் கெடும் விதமும் வேறு வேறு. ஒன்றின் காரணம் பெரும்பாலும் மற்றொன்றைத் தொடுவதில்லை. ஒரு வளாகத்தில் பாதிப் பேர் கேபிளிலும் பாதிப் பேர் டிஷ்ஷிலும் இருந்தால், பெரும்பாலான பழுதுகளின்போது பாதி வீடுகளில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் சென்னைவாசிகளுக்கு, ஏரியில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற ஒரு வரிச் செய்தி எவ்வளவு பெரியது என்று நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாரையும் ஒரே ஒயரில் தொங்கவிடும் முடிவு, அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வாய்ப்பையும் சேர்த்து அறுத்துவிடுகிறது.

இப்போது மொட்டை மாடிக்கு வருகிறேன். உங்கள் கைக்குள் இருக்கும் பெரிய அதிகாரம் அதுதான். தேவைப்பட்டால் அவரவர் பால்கனியில் டிஷ் வைத்துக்கொள்ளட்டும், மாடி எதற்கு என்று பல சங்கங்கள் சொல்கின்றன. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த யோசனை, வானத்தின் கணக்குக்கு ஒத்துவராது. இந்திய டி.டி.எச். நிறுவனங்கள் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையிலிருந்து 108 பாகைவரை வரிசையாக நிற்கின்றன. டாடா பிளே 83இல், சன் டைரக்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் 93.5இல், ஏர்டெல் 108.2இல். சென்னை இருப்பது சுமார் 80 பாகையில். எனவே சென்னையிலிருந்து பார்த்தால் முதலாவது ஏறக்குறைய நேர் தெற்கில் இருக்கும், இரண்டாவது தென்கிழக்கில், மூன்றாவது கிழக்கிலிருந்து சற்றே தெற்குப் பக்கம். தமிழ்நாட்டில் எந்த ஊராக இருந்தாலும் எல்லா டிஷ்ஷும் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானத்தைத்தான் பார்த்தாக வேண்டும். வடக்கு நோக்கிய, மேற்கு நோக்கிய பால்கனி உள்ள வீடுகளுக்கு இந்த யோசனையால் ஒரு பயனும் இல்லை. தெற்கு பார்த்த வீட்டுக்காவது கிடைக்குமா என்றால், அங்கேயும் சிக்கல். 83 பாகையில் நிற்கும் செயற்கைக்கோள் சென்னை வானத்தில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 74 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு அருகே இருக்கிறது. பால்கனிக்குள் வைத்தால் மேல்வீட்டுத் தளம் குறுக்கே வந்துவிடும். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பொருத்தினால்தான் சிக்னல் வரும்; அப்படி நீட்டுவதையும் கட்டட முகப்பு கெடுகிறது என்று நீங்களே தடைசெய்கிறீர்கள். ஆக, மாடி மூடப்பட்டால் வளாகத்தின் பெரும்பாலான வீடுகளுக்கு டிஷ் என்ற தேர்வே இல்லாமல் போகிறது. டிஷ் வேண்டாம் என்று யாரும் தீர்மானம் போடாமலே அது நடந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

தேர்வு ஏன் வீட்டிடம் இருக்க வேண்டும் என்பதற்கு வீடுகளே சாட்சி. முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் கேபிள்தான் பல நேரம் பொருத்தம். ரிமோட்டில் ஏதோ ஒன்றை அழுத்திப் படம் போய்விட்டால், பகுதி ஆபரேட்டரின் ஆள் அரை மணியில் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். மாதக் கடைசியில் பணம் தர முடியாவிட்டால் அடுத்த வாரம் வாங்கிக்கொள்வார். ஊர்க் கோயில் தேரோட்டத்தை நேரலையில் காட்டும் உள்ளூர்ச் சேனல் கேபிளில்தான் வரும். டிஷ்ஷில் முன்பணம் தீர்ந்தால் படம் நின்றுவிடும். பழுது என்றால் கால்சென்டரில் எண்களை அழுத்தி முறையிட வேண்டும். ஆனால் வேலை நிமித்தம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் வாடகைக் குடும்பத்துக்கு அதே டிஷ் வரம். பெட்டியையும் டிஷ்ஷையும் கழற்றிக்கொண்டு போய் அடுத்த ஊரில் மாட்டிக்கொள்ளலாம். கேபிள் பெட்டிக்குப் பெரும்பாலும் அந்த ஊர் எல்லையோடு ஆயுள் முடிந்துவிடும். கொல்கத்தாவிலிருந்தோ புவனேசுவரத்திலிருந்தோ சென்னையின் ஓஎம்ஆர் சாலை நிறுவனங்களுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள், தங்கள் மொழிச் சேனல்கள் நாடு முழுவதற்குமான டி.டி.எச். பட்டியலில் எளிதாகக் கிடைப்பதைத் தேடுவார்கள். மாதச் செலவே வேண்டாம் என்பவருக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவழித்தால் போதும்; பெரிய தமிழ்க் கட்டணச் சேனல்கள் அதில் கிடைக்காது, ஆனால் டிடி தமிழும் கல்விச் சேனல்களும் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள, சீரியல் பார்க்கும் வழக்கமில்லாத வீடு அதைத் தேர்ந்தெடுத்தால் அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. இந்த வீடுகளெல்லாம் ஒரே மாடிப்படியைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் காரணத்துக்காக ஒரே தேவையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தில் வேலை செய்யாது. பெட்டியை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தும் அது இன்னும் நம் வீடுகளுக்கு வரவில்லை. ஆகவே சங்கம் நிறுவனத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லா வீட்டுப் பெட்டிகளும் ஒரே நாளில் குப்பையாகின்றன. தானாக விரும்பி மாறுகிறவர் அந்தச் செலவைத் தெரிந்தே ஏற்கிறார். சங்கத்தின் முடிவால் மாற வேண்டியவர் மீது அது திணிக்கப்படுகிறது.

உங்கள் தரப்பில் உள்ள வாதங்களுக்கு இப்போது வருகிறேன். அவற்றில் வலுவானது மொத்த விலைத் தள்ளுபடி. அறுபது வீடுகளும் ஒன்றாகப் போனால் நிறுவனம் விலையைக் குறைக்கும் என்பது உண்மை. 2024 திருத்தத்துக்குப் பிறகு நெட்வொர்க் கட்டணத்திலும் தொகுப்பு விலையிலும் குறைக்க அவர்களுக்குச் சட்டப்படியே இடம் இருக்கிறது. ஆகவே பேரம் பேசுங்கள். அது சங்கத்தின் நல்ல பணி. ஆனால் பேசி வாங்கிய விலையை விருப்பமுள்ளவர்கள் ஏற்கட்டும் என்று அறிவிப்பது ஒன்று. அதைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்து, பார்க்கிறவர் பார்க்காதவர் எல்லாரிடமும் வசூலிப்பது வேறொன்று. இரண்டாவது முறையில் தள்ளுபடியின் ஒரு பகுதியை அந்த இணைப்பைத் தொடவே விரும்பாத வீடுகள்தான் செலுத்துகின்றன. தவிர, போட்டியாளர் உள்ளே வரவே முடியாது என்று தெரிந்த நிறுவனம் முதல் ஆண்டு காட்டிய தாராளத்தை மூன்றாம் ஆண்டும் காட்ட எந்தக் காரணமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நாளையே வேறு இணைப்புக்குப் போக முடியும் என்ற நிலைதான் விலையைக் கீழே பிடித்து வைக்கும். தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. ஒயர் யார் கையிலோ அவரே எந்தச் சேனல் தெரிய வேண்டும், எது தெரியாமல் போக வேண்டும் என்று முடிவெடுத்த காலத்தைக் கண்டவர்கள் நாம். மாநில அரசே 2007இல் ஒரு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கி, 2011இல் அதற்கு மறுபடி உயிர்கொடுத்து, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்க இறங்கியதன் பின்னணியில் அரசியல் எவ்வளவு இருந்தாலும், ஒரே கையில் ஒயர் இருப்பதன் ஆபத்து மக்களுக்குப் புரிந்திருந்தது என்பதும் உண்மை. வெளியே தெருவில் நாம் எதிர்த்த ஏகபோகத்தை வளாகத்துச் சுவருக்குள் நாமே கட்ட வேண்டுமா?

வளாகத்துக்குள் தனியுரிமை கொடுப்பதற்குச் சில நிறுவனங்கள் சங்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதும், அந்தப் பணத்தில் விளையாட்டுத் திடலுக்கு விளக்குப் போடுவதும் நடக்கிறது. நல்ல காரியத்துக்குத்தான் செலவாகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் நிறுவனத்தின் நன்கொடை ஆகாது. குடியிருப்போரின் மாதக் கட்டணத்திலிருந்துதான் அது திரும்பி வருகிறது. விளக்குக்குப் பணம் வேண்டுமானால் பொதுக்குழுவில் வெளிப்படையாகக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

அடுத்த வாதம் மாடி ஒழுகுகிறது என்பது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். டிஷ் பொருத்த வருகிற ஆள் நேரம் மிச்சம் பிடிக்க, தட்டோட்டைத் துளைத்து ஆணி இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த மழையில் அந்தத் துளை வழியே நீர் இறங்கி மேல்தள வீட்டுக் கூரை ஊறுகிறது. பழுதுபார்க்கும் செலவு சங்கத்தின் தலையில் விழுகிறது. இது உண்மையான இழப்பு, இதற்கு விதி தேவை. ஆனால் விதி தளத்தைத் துளைக்கக் கூடாது என்று இருந்தால் போதும். டிஷ் கூடாது என்று இருக்க வேண்டியதில்லை. தளத்தைத் தொடாமல், கான்கிரீட் கட்டையின் பாரத்தில் நிற்கும் தாங்கியில் டிஷ்ஷைப் பொருத்தலாம். இன்னும் நல்லது, தெற்கும் கிழக்கும் திறந்திருக்கும் மூலையில் சங்கமே ஒருமுறை செலவுசெய்து இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றைப் போட்டு, அதற்கு முறையாக எர்த்திங் கொடுத்து, எல்லா டிஷ்ஷும் அதில்தான் என்று சொல்லிவிடுவது. இடி மின்னல் நேரத்தில் அந்த எர்த்திங் ஆபத்தைக் குறைக்கும். ஒரே நிறுவனத்தைப் பல வீடுகள் எடுத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி டிஷ் தேவையே இல்லை. ஒரு டிஷ்ஷிலிருந்து மல்டிஸ்விட்ச் வைத்துப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். நான்கைந்து டிஷ்களில் ஒரு பெரிய வளாகமே அடங்கிவிடும்.

ஒயர்கள் சுவரெங்கும் தொங்கி அலங்கோலமாக இருக்கின்றன என்பதும், முகம் தெரியாத ஆட்கள் மாடிக்குப் போய் வருகிறார்கள் என்பதும் அடிக்கடி கேட்கிற குறைகள். முதலாவதற்கு ஷாஃப்ட் வழியே இறங்கும் இரண்டு பிவிசி குழாய்கள் போதும், ஒன்று கேபிளுக்கு, ஒன்று டிஷ்ஷுக்கு. இரண்டாவதற்கு வாசலில் உள்ள பதிவேடு போதும். ஏசி மெக்கானிக்கும் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவரும் அதே மாடிக்குத்தான் போகிறார்கள்.

எல்லோரும் ஓடிடிக்குப் போய்விட்டார்கள், இனி கேபிள் டிஷ் என்று பேசுவதே காலம் கடந்தது என்பவர்களும் உங்கள் குழுக்களில் இருப்பார்கள். போக்கு அப்படித்தான் இருக்கிறது. கட்டண டி.டி.எச். இணைப்புகள் நாட்டில் 2020 இறுதியில் ஏறத்தாழ 7 கோடியாக இருந்து, 2025 மார்ச்சில் 5.7 கோடி அளவுக்கு இறங்கிவிட்டன. ஆனால் இந்த எண்ணிக்கை உங்கள் ஒப்பந்தத்துக்கு ஆதரவாகப் பேசவில்லை. சந்தையே சுருங்கும் துறையில் ஒரு நிறுவனத்தை நம்பி நீண்டகால ஒப்பந்தம் போடும் சங்கம், அந்த நிறுவனம் சேவையைக் குறைத்துக்கொண்டாலோ இன்னொன்றோடு இணைந்தாலோ எல்லா வீடுகளோடும் சேர்ந்து நடுவில் நிற்கும். மேலும், மாறியவர்கள் மாறட்டும், மாறாத கோடிக்கணக்கான வீடுகள் இருக்கின்றனவே. அவற்றில் பல வீடுகளில் பகல் முழுதும் தொலைக்காட்சியோடு இருப்பவர்கள் வயதானவர்கள். அவர்களுக்குச் செயலியும் கடவுச்சொல்லும் தடை. ரிமோட்டில் பழகிய எண் வசதி. பிராட்பேண்ட் விஷயத்திலும் இதே தனியுரிமை ஒப்பந்தங்கள் நடக்கின்றன என்பதால், ஓடிடிக்குப் போனவர்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஒரே ஃபைபர், ஒரே நிறுவனம் என்று கட்டிவிட்டால் அங்கேயும் கதை இதுதான்.

பெரும்பான்மை முடிவுதானே, பொதுக்குழுவில் கைதூக்கித்தானே நிறைவேற்றினோம் என்ற பதில் மிச்சம் இருக்கிறது. சங்கத்தில் வாக்கு பெரும்பாலும் வீட்டு உரிமையாளருக்குத்தான். தொலைக்காட்சி பார்க்கிறவர் பல வீடுகளில் வாடகைக்கு இருப்பவர். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்துகொண்டு அனுப்பும் சம்மதக் கடிதம், அந்த வீட்டில் வாழும் குடும்பம் எதைப் பார்க்கும் என்று முடிவுசெய்கிறது. மொட்டை மாடியைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியும் எழும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப் பகுதிகள் எவை என்று சொல்லும்போது மொட்டை மாடியையும் அவற்றில் சேர்க்கிறது. பொதுப் பகுதி என்றால் அவரவர் இஷ்டப்படி துளைபோடலாம் என்று பொருள் இல்லை; அதை ஒழுங்குபடுத்தச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு, இருக்கவும் வேண்டும். எங்கே வைக்கலாம், எப்படி வைக்கலாம், யார் பொறுப்பு என்று விதி எழுதுங்கள். ஒரு வணிக நிறுவனத்தின் நலனுக்காக அந்தப் பொது இடத்தை மற்றவர்களுக்கு மூடுவது ஒழுங்குபடுத்துவதில் சேராது.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, தீர்மான வரைவு ஒன்று. வளாகத்துக்குள் எந்தக் கேபிள், டி.டி.எச். அல்லது பிராட்பேண்ட் நிறுவனத்துக்கும் தனியுரிமை தரப்படாது. தொலைக்காட்சிக் கட்டணம் பராமரிப்புக் கட்டணத்தில் சேராது. டிஷ் பொருத்தச் சங்கம் ஒதுக்கும் இரும்புச் சட்டத்தில் மட்டும் அனுமதி, தளத்தைத் துளைத்தால் பழுதுச் செலவு பொருத்தியவர் பொறுப்பு. ஒயர்கள் ஷாஃப்ட் குழாய் வழியாக மட்டும். வாடகைக்கு இருப்பவர் விண்ணப்பித்தாலும் உரிமையாளருக்கு உள்ள அதே நடைமுறை. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் தீர்மானம் இது. இரண்டாவது, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தால் அதை எடுத்துப் படியுங்கள். பில்டர் போட்டதாக இருந்தால் பொறுப்பு ஒப்படைப்பின்போது வந்த கோப்பில் இருக்கும். முடியும் தேதி என்ன, முடிந்ததும் தானாகவே நீளும் என்ற வரி உண்டா, உண்டென்றால் எத்தனை நாளுக்கு முன் மறுப்புக் கடிதம் தர வேண்டும் என்று பாருங்கள். அந்தத் தேதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இடைப்பட்ட காலத்தில் மாடிக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் வீட்டாரிடம், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு அதைத் தடுக்கிறது என்பதை எழுத்தில் காட்டுங்கள். அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால், சாவியைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வளாகங்களில் வாழும் குடும்பங்களின் சார்பில் அக்கறையோடு எழுதும் ஒருவர்